திருப்பி அனுப்ப வேண்டிய பலகை

1

எங்கள் வீட்டு வாசலுக்கு வரும் பார்சல் யாருக்கு என்பதைப் பெயரைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். மெல்லிய பை என்றால் தங்கச்சி துளசிக்கு உடுப்பு. சின்னதாகவும் கனமாகவும் இருந்தால் எனக்கு ஏதாவது கருவி. தைல வாசம் அடித்தால் அம்மாவுக்கு. அப்பாவுக்குப் பார்சல் வருவதில்லை. அவருக்கு வருபவை கடிதங்கள்தான்: கவுன்சில் வரி, கண் பரிசோதனை நினைவூட்டல், வேலைத்தலத்து ஓய்வூதிய விவரம். அவற்றையும் அவர் திறப்பதில்லை. என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஆகவே தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், லண்டன் ஃபாரஸ்ட் கேட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக் கதவில் ஏறத்தாழ என் உயரத்துக்கு ஒரு பெட்டியை ஒருவர் சாத்தி வைத்துவிட்டுப் போனபோது, அதில் அப்பாவின் முழுப்பெயர் இருந்ததை நான் திரும்பவும் வாசித்துப் பார்த்தேன். அப்பாவின் பெயர்தான். எழுத்துப்பிழைகூட இல்லை.

அம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எங்கள் அயன் பண்ணும் மேசையின் ஒரு கால் தீபாவளிக்கு முன்பே உடைந்துவிட்டது. அன்றிலிருந்து அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர் அம்மா.

“பாத்தியே பிள்ளை, கேக்காத மாதிரித்தான் இருப்பார். ஆனா காதிலை விழுந்திருக்கு” என்று சொல்லிக்கொண்டே சமையலறைக் கத்தியால் பெட்டியைத் திறந்தார்.

உள்ளேயிருந்து வந்தது ஒரு பலகை. மேற்பக்கம் கறுப்பு. அடிப்பக்கம் பால் வெள்ளை, கண்ணாடிபோல வழுவழுப்பு. இரண்டு முனையும் வட்டமாக மேலே வளைந்திருந்தன. சுற்றிவர ஒரு உருக்கு விளிம்பு. அம்மா அதை வாசல் நடையில் படுக்கவைத்து, தடவிப் பார்த்து, கவிழ்த்து, பெட்டிக்குள்ளே கையை விட்டுத் துழாவினார்.

“இதுக்குக் கால் எங்கை?”

அது ஸ்னோபோர்ட், பனிமலையில் நின்றபடி சறுக்கிக்கொண்டு இறங்குகிற பலகை என்று நான் விளங்கப்படுத்தினேன். என்னோடு வேலைசெய்பவர்களில் பாதிப்பேர் ஒவ்வொரு மாரிப் பனிக்காலத்திலும் இதைத் தூக்கிக்கொண்டு பிரான்ஸுக்கும் ஒஸ்ட்ரியாவுக்கும் போகிறவர்கள். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, யாரோ அப்பாவின் வங்கி அட்டையைக் களவெடுத்துவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார். எனக்கும் அதுதான் ஒரே நியாயமான விளக்கமாகத் தெரிந்தது. கோயிலில் போன மாதம்தான் இப்படியான மோசடிகளைப் பற்றி ஒருவர் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்.

வங்கிக்கு ஃபோன் எடுத்தேன். நீண்ட நேரச் சங்கீதத்துக்குப் பிறகு வந்த பெண், கணக்குக்குரியவருடன் மட்டுமே பேச முடியும் என்றார். நான் மகள் என்றேன். முடியாது என்றார். அம்மா ஃபோனை என் கையிலிருந்து பறித்து, தான் மனைவி என்றும், தன் மனுசன் இப்படியான சாமான் வாங்கவே மாட்டார் என்றும், அது தனக்கு நல்லாகத் தெரியும் என்றும் தன்னிடமுள்ள ஆங்கிலம் எல்லாவற்றையும் திரட்டிச் சொன்னார். அந்தப் பெண் அன்பாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் முடியாது.

அப்பா பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். அன்று காலை ஷிப்ட். பின்னேரம் வந்து கதவைத் திறந்தவருக்கு, அம்மா தண்ணீர் கொடுத்து, கதிரையில் இருத்தி, அவர் பயந்துவிடக்கூடாது என்று மெதுவாக, களவு போன கதையைச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டே சப்பாத்து நூலை அவிழ்த்தார். ஒரு சப்பாத்து கழன்றது. மற்றது கழன்றது.

“களவு போகேல்லை” என்றார். “அது என்ரைதான்.”

2

நான் ரெயில் பெட்டிகளின் பிரேக்குகளைச் சோதிக்கும் பொறியியலாளர். எங்கள் பட்டறையில் எதிர்பாராத ஒன்று நடந்தால் முதலில் செய்யவேண்டியது கையை எடுத்துவிட்டு நிற்பது. அதன் பிறகு, நிச்சயமாகத் தெரிந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது. அன்று நான் அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்லிப் பார்த்தேன்.

சாவகச்சேரிக்காரர். ஐம்பத்தேழு வயது. எனக்கு ஏழு வயதிலும் துளசிக்கு ஒரு வயதிலும் எங்களை விட்டு இங்கே வந்தவர். எனக்குப் பதினாறு ஆனபோது எங்களைக் கூப்பிட்டவர். வேலை செய்த இடங்கள் பெற்றோல் செற் என்கிற பெற்றோல் நிலையம், கோழிக்கடை, பிறகு பாண் தொழிற்சாலை. சத்தமாகப் பேசமாட்டார். உப்புக் குறைந்தால் கேட்கமாட்டார். ஆங்கிலத்தில் யாராவது அழைத்தால் ஃபோனை என்னிடம் நீட்டுவார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் வரவில்லை.

எங்களைக் கூப்பிடுவதற்கான விசா நேர்முகம் கொழும்பில் நடந்தது. இவர் எங்கள் அப்பாதான் என்று நாங்கள் நிறுவ வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அந்த அதிகாரி என்னிடம் பல கேள்விகள் கேட்டார். அப்பாவின் அண்ணன் தம்பிகளின் பெயர் சொன்னேன். வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் என்று சொன்னேன். கடைசியில், ஓய்வு நேரத்தில் உன் அப்பாவுக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “எங்களோடு ஃபோனில் கதைப்பது” என்றேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். வாசலில் அம்மா, நல்ல பதில் சொன்னாய் என்றார். இத்தனை வருடம் ஒரே கூரையின்கீழ் இருந்த பிறகும் என்னிடம் அதைவிட நல்ல பதில் இல்லை என்பது அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

அப்பா மிச்சத்தையும் சொன்னார். அவர் இன்னும் போவதாக நாங்கள் நினைத்திருந்த சனிக்கிழமை ஓவர்டைம் போன வருடத் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கிழமை அவரோடு வேலைசெய்யும் மாரெக் என்ற போலந்துக்காரர், வேறு யாருக்கோ எடுத்த ரிக்கெற் வீணாகிறது, சும்மா வந்து பார் என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். லண்டனுக்கு வெளியே, வடக்கே, ஒரு பெரிய களஞ்சியம்போன்ற கட்டடம். உள்ளே குளிரூட்டி, உண்மையான பனி கொட்டி, ஒரு சரிவு செய்து வைத்திருக்கிறார்கள். கோடையிலும் சறுக்கலாம். அப்பா பார்க்கப் போனார். அடுத்த சனி, பழகப் போனார். அதற்குப் பிறகு ஒரு சனியும் தவறவில்லை. பங்குனியில் மாரெக்கின் ஆட்கள் பிரான்ஸில் உண்மையான மலைக்குப் போகிறார்கள். அப்பாவும் போவதாக இருந்தது. வாடகைப் பலகைகள் காலுக்கு ஒத்துவருவதில்லை. அதனால் ஒன்று வாங்கினார். விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா இதை வாசிப்பார்.

இவ்வளவையும் கேட்ட அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்ப நான் கட்டித் தந்த பிட்டு?”

“அங்கைதான். அங்கை மேசை கதிரை எல்லாம் இருக்கு. இருந்து சாப்பிட்டனான்.”

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். அதற்குப் பிறகு அப்பாவோடு பேசவில்லை.

3

பேசவில்லை என்றால், அப்பாவோடு நேரே பேசவில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. இடையில் ஒரு பிள்ளை வேண்டும். துளசி மான்செஸ்டரில் படிக்கிறாள். ஆகவே அந்த வேலை எனக்கு வந்தது.

“கொப்பரிட்டைச் சொல்லு, சோறு மேசையிலை இருக்கெண்டு” என்பார் அம்மா, அப்பாவைக் குறித்து.

அப்பா ஏற்கெனவே அந்த மேசையில்தான் இருப்பார். “கொம்மாட்டைச் சொல்லு, நான் போட்டுச் சாப்பிடுறன் எண்டு.”

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொன்னால்தான் அது சொல்லப்பட்டதாகக் கணக்கு. வீடியோவில் துளசியிடம் இதைச் சொன்னபோது அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். “அக்கா, தே ஆர் லைக் ட்வெல்வ், சின்னப் பிள்ளையள் மாதிரி. அப்பா இஸ் ஸோ கூல், விடுங்கோ அவரை” என்றாள். லண்டனில் தமிழ்ப் பெற்றோர் சந்திக்கும் இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான்: பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள், வீட்டுக்கு ஒரு முகம் வெளிக்கு ஒரு முகம். அதற்குக் கூட்டமும் வைக்கிறார்கள். அப்பாமார் கைவிட்டுப்போனால் என்ன செய்வதென்று யாரும் கூட்டம் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

சனிக்கிழமை அப்பா எங்கும் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு, “திருப்பி அனுப்புவம் பிள்ளை. கொம்மாட்டைச் சொல்லு” என்றார். எனக்கு இது பலகையைவிடப் பெரிய அதிர்ச்சி. வாதாடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். குறைந்தது முகத்தையாவது சுழிப்பார் என்று. அவரோ, சந்தையில் பொருந்தாத செருப்பைக் கழற்றி வைப்பதுபோலச் சொன்னார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். நல்லது என்று சொல்வார் என நினைத்தேன்.

“நீயும், நான் என்னவோ அவருக்குக் கால் முறியப்போகுதெண்டு பயந்துதான் கதைக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாய், என்ன?”

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“இஞ்சை தனிய இருந்த காலத்திலை அந்தாள் பட்டதெல்லாத்தையும் எனக்கு ஒளிச்சவர். பட்டினி, குளிர், ஒண்டும் சொல்லேல்லை. அது விளங்குது. எனக்கு அங்கை தாங்கேலாது எண்டு ஒளிச்சார். இது சந்தோஷம். ஒரு வருஷமா எங்கையோ போய்ச் சந்தோஷமா இருந்திட்டு, வீட்டை வரேக்கை களைச்ச முகத்தை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நானும் பாவமெண்டு கால் அமத்தி விட்டனான். கஷ்டத்தை ஒளிக்கலாம். சந்தோஷத்தை ஏன் ஒளிக்கோணும்?”

கத்தி நின்றிருந்தது. இந்தக் கேள்வியை மட்டும் அவர் அப்பாவிடம் போய்ச் சொல்லச் சொல்லவில்லை.

4

புதிய ஸ்னோபோர்டை முதல்முறை பனியில் இறக்குவதற்கு முன் சில ஆயத்தங்கள் செய்யவேண்டும். தொழிற்சாலையில் பூசுகிற மெழுகு மெல்லியது. கடையிலும் லொறியிலும் கிடந்து காய்ந்துவிடும். அதை எடுத்துவிட்டுப் புதிதாக மெழுகு உருக்கி ஊட்டவேண்டும். முனைகளில் உருக்கு விளிம்பைக் கொஞ்சம் மழுக்கவேண்டும், இல்லாவிட்டால் பனியைக் கடித்து ஆளைக் கவிழ்க்கும். சப்பாத்தைப் பிடிக்கும் இரண்டு பிடிகளையும் கால் அகலத்துக்கும் கோணத்துக்கும் ஏற்றபடி பூட்டவேண்டும்.

கடைக்குத் திருப்பி அனுப்புவதற்கும் நிபந்தனைகள் இருந்தன. மெழுகு பட்டிருக்கக்கூடாது. விளிம்பில் அரம் பட்டிருக்கக்கூடாது. திருகாணி பூட்டிய தடம் இருக்கக்கூடாது. அடிப்பக்கத்தில் கீறலோ கறையோ இருக்கவே கூடாது. ஒன்றுக்குச் செய்யவேண்டிய எல்லாமே மற்றதற்குச் செய்யக்கூடாதவை. ஒரு திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் பலகை அப்பாவுடையது. நான் கையை எடுத்துவிட்டு நின்றேன். திங்கட்கிழமை காலை வந்து எடுத்துப்போக ஏற்பாடு செய்தேன்.

ஞாயிறு அம்மாவோடு வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போய்வந்தேன். வந்ததும் நான் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். பலகையைத் தானே பொதிசெய்வதாக அம்மா சொன்னார். பெட்டி கட்டுவதில் எங்கள் வீட்டில் அவரை அடிக்க ஆளில்லை. ஊருக்கு அனுப்பும் பெட்டிகளில் காற்றுக்குக்கூட இடம் விடமாட்டார்.

கண் விழித்தது தேய்க்கும் சத்தத்தில். பானை கழுவும் சத்தம்போல இருந்தது, ஆனால் வாசல் நடையிலிருந்து வந்தது. இறங்கிப் போனேன். பலகை அடிப்பக்கம் மேலே தெரியக் கிடந்தது. பக்கத்தில் பாத்திரம் கழுவும் திரவம், பாதி எலுமிச்சை, தேங்காயெண்ணெய்ப் போத்தல். அம்மா முழங்காலில் நின்று, சட்டி தேய்க்கும் பச்சைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையின் நடுவே ஒரு பெரிய மஞ்சள் வட்டம், அதற்குள்ளே ரோசாச் சிவப்பு.

எங்கள் வீட்டுக்குள் வருகிற எந்தப் புதுச் சாமானும் அம்மாவின் கையால் மஞ்சளும் குங்குமமும் வாங்காமல் இருந்ததில்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தில் இருக்கிறது. என் மடிக்கணினியின் மூடியிலும் இருக்கிறது. அலுவலகக் கூட்டங்களில் அதைப் பார்த்துக் கேட்காதவர் இல்லை. கோயிலிலிருந்து வந்த கை, குங்குமச் சிமிழ் பக்கத்தில், முன்னால் ஒரு புதுச் சாமான். நாளைக்குத் திரும்பிப் போகிற சாமான் என்பதைக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

“பழக்கத்திலை வைச்சிட்டன் பிள்ளை” என்றார் அம்மா. “வைச்சவுடனை துடைச்சனான். போகுதில்லை. துடைக்கத் துடைக்கப் பரவுது.”

அந்த அடிப்பக்கம் ஒருவகைப் பிளாஸ்டிக். கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்டது. மெழுகைக் குடிப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். மஞ்சளையும் குடித்துவிட்டது. பச்சைத் துணி வேறு மயிர்க்கீறல்களை விட்டிருந்தது. திருப்பி எடுக்கமாட்டார்கள் என்று நான் சொன்னபோது அம்மா படியில் குந்திவிட்டார். பேசாமலிருந்தே திருப்பி அனுப்ப வைத்ததும் அவர்தான், இனி அனுப்பவே முடியாதபடி செய்ததும் அவர்தான். அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்தார். ஆனால் அப்பா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் குனிந்து அந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். வழக்கம்போல என்னிடம் நீட்டப்போகிறார் என்று நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் நீட்டவில்லை. கடைக்குத் தானே எடுத்தார்.

அந்த ஆங்கிலத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிழைகள் இருந்தன, ஆனால் அவை அவரை நிறுத்தவில்லை. மன்னிக்கவேண்டும், நாளைக்கு ஆளை அனுப்பவேண்டாம், பலகையை நானே வைத்துக்கொள்கிறேன் என்றார். மறுமுனையில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். “மை வைஃப் பிளெஸ்ட் இட்” என்றார் அப்பா. “வெரி ஸ்ட்ரோங் பிளெஸ்ஸிங். நோ ரிமூவிங்.” மறுமுனையில் இருந்தவர் சிரிக்கும் சத்தம் எங்களுக்கும் கேட்டது. அப்பாவும் சிரித்தார். வங்கி, கவுன்சில், டொக்டர் என்று எத்தனை அழைப்புகளை இவருக்காக நான் பேசியிருக்கிறேன். இவருக்கு ஒருவரை ஃபோனில் சிரிக்கவைக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். “வைஃப் எண்டு என்னவோ சொல்லுறார். என்னவாம்?”

அம்மா பலகையை ஆசீர்வதித்துவிட்டார், அதை அழிக்கவே முடியாது என்று அப்பா சொன்னதை மொழிபெயர்த்தேன். அம்மா எலுமிச்சையையும் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

5

அடுத்த நாட்களில் நான் நன்கொடையாக வந்த சாமான்களை விற்கும் கடையில் ஒரு பழைய அயன்பெட்டி வாங்கினேன். அம்மாவின் அயன்பெட்டியில் மெழுகு பட்டால் அடுத்த சேலையோடு எங்கள் எல்லோருடைய கதையும் முடிந்துவிடும். வேலை முடிந்து வந்த ஒரு பின்னேரம், சமையலறைக்கு வெளியே இரண்டு கதிரைகளின்மேல் பலகையைக் கவிழ்த்து வைத்தோம். அம்மா உள்ளே, திறந்திருந்த யன்னலுக்கு அந்தப் பக்கம், கறி வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஷெட்டுக்குள் போய், பெயின்ற் வாளிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சோடிச் சப்பாத்தை எடுத்துவந்தார். ஸ்னோபோர்ட் சப்பாத்து. ஒரு வருடமாக அங்கே இருந்திருக்கிறது. பெயின்ற் வாளிகளை நான் எத்தனை தடவை நகர்த்தியிருக்கிறேன்.

“இதுக்குப் பிரேக் எங்கை அப்பா?” என்று கேட்டேன். என் தொழிலில் அதுதான் முதல் கேள்வி.

“கால்தான். பலகையைக் குறுக்காலை திருப்பினா நிக்கும்.”

மெழுகுக் கட்டியை அயன்பெட்டியில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போகவேண்டும், ஓரிடத்தில் நின்றால் பிளாஸ்டிக் பொசுங்கிவிடும். முதல் பூச்சைச் சூட்டோடு சுரண்டினோம். அழுக்கோடு கொஞ்சம் மஞ்சளும் வந்தது. மிச்சம் இருந்துவிட்டது. இரண்டாவது பூச்சை ஆறவிட்டோம். ஆறும்வரைக்கும் அப்பா விளிம்பு உரசும் ரப்பர்க் கல்லால் முனைகளை மழுக்கினார். சரியான அழுத்தம், சரியான சாய்வு. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் சொல்லேல்லை, அப்பா?”

கல் கொஞ்ச நேரம் ஓடியது.

“வந்த முதல் மாரி, பெற்றோல் செற்றுக்கு நடந்துதான் போறது. விடியப்புறம் ரோட்டெல்லாம் ஐஸ். நல்ல சப்பாத்து இல்லை. ஒவ்வொரு நாளும் விழுவன். ஒருத்தரும் பாக்கேல்லையே எண்டு சுத்திப் பாத்திட்டு எழும்பிப் போவன். மாரெக் கூட்டிக்கொண்டு போன அண்டு பாத்தன், அங்கை அவ்வளவு பேரும் விழுறாங்கள். விழுந்தவன் கிடந்துகொண்டு சிரிக்கிறான். அதைப் பாத்துக்கொண்டே நிண்டனான், பிள்ளை. எனக்கு ஒருக்கா அந்தப் பனியிலை விழாமல் போய்ப் பாக்கவேணும் போலை இருந்தது.”

“அதை அம்மாட்டைச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத் தொடங்கினா அந்த முதல் வருஷத்திலை இருந்தெல்லோ சொல்லோணும். ஃபோனிலை நான் சொன்னது பனி வடிவா இருக்கு எண்டு. கை உடைஞ்சதையும் சொல்லோணும்.”

யன்னலுக்கு அந்தப் பக்கம் அகப்பைச் சத்தம் நின்றது.

“என்ன உடைஞ்சதாம்? கேள்” என்றது அம்மாவின் குரல்.

அப்பா என்னைப் பார்த்தார். “வலது கை மணிக்கட்டு எண்டு சொல்லு.”

நான் சொன்னேன்.

“எப்பவாம்?”

“பிள்ளை அஞ்சாம் வகுப்பு ஸ்கொலஷிப் சோதினை எடுத்த வருஷம். ஐஸிலை சறுக்கி.”

அதையும் சொன்னேன். அடுப்பில் கறி கொதிக்கும் சத்தம் மட்டும். பிறகு அம்மா யன்னலடிக்கு வந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

“அந்த வருஷம் மூண்டு நாலு மாதம் ஒரு காயிதமும் வரேல்லை. ஃபோன் மட்டும்தான். அதுக்கு முதல், மாதம் தவறாமல் எழுதினவர். ஊரிலை சனம் என்னவெல்லாம் சொல்லிச்சுது தெரியுமே? இவருக்கு அங்கை வேறை ஆரோ இருக்கு எண்டு. நானும் நம்பாத மாதிரி இருந்தனான். ஆனா நம்பினனான்.” நிறுத்தினார். “கையிலை கட்டுப் போட்டிருந்ததாலையோ எழுதேல்லை எண்டு கேள்.”

அப்பா கல்லைக் கீழே வைத்தார். நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவர் தலையாட்டியதை அம்மாவே பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பை அணைத்தார். கறி அடிப்பிடித்த வாசம் வந்தது. அம்மாவின் கறி அடிப்பிடித்து நான் கண்டதில்லை.

மெழுகு ஆறிவிட்டிருந்ததால் இரண்டு பேரும் சுரண்டினோம். தெரிந்த வேலையைச் செய்தோம். பிடிகளைப் பூட்டினேன். அப்பா வலது காலை முன்னுக்கு வைப்பவர். பெரும்பாலானோர் இடது. சப்பாத்தை வைத்து, விரல்பக்கமும் குதிக்கால் பக்கமும் ஒரே அளவு வெளியே நிற்கிறதா என்று பார்த்து, திருகாணிகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கடைசித் திருகாணியை அவரிடம் விட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அம்மா எனக்குச் சொன்னார், அடிப்பிடித்த கறியைக் கொப்பருக்குப் போடவேண்டாம் என்று.

6

சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக நான் காரைக் கிளப்பியபோது அம்மா பெரிய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பின்சீற்றில் ஏறினார். யாரும் கூப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. வழிமுழுக்க யாரும் பேசவில்லை. நான் மட்டும் ஒருமுறை, பக்கத்துக் கார்க்காரரைத் திட்டினேன்.

அந்தக் கட்டடத்துக்குள் சரிவின் அடியில் ஒரு நீளமான கண்ணாடிச் சுவர் இருக்கிறது. இந்தப் பக்கம் மேசைகளும் கோப்பியும், அந்தப் பக்கம் பனி. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கதவு. உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் தலைக்கவசம், கண்ணை மூடும் பெரிய கண்ணாடி, கழுத்துவரை இழுத்த ஜாக்கெட். அப்பா உள்ளே போனதும் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிட்டார்.

அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று தேடினார். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

“அந்தா நிக்கிறார்.”

சரிவின் நடுவில் ஒரு ஆள். கட்டை, கொஞ்சம் கூனல். கைகளை அகல விரித்தபடி, ஒரு அடி சறுக்கி, குந்திவிட்டு, எழும்பி, ஒரு அடி சறுக்கி, முகம்குப்புற விழுந்தார். அம்மா “முருகா” என்று மூச்சுவிட்டார். அந்த மனிதர் பனியில் கையூன்றி, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு எழும்பினார். அம்மாவின் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. திரும்பவும் விழுந்தார்.

“பார், அப்ப ரோட்டிலையும் இப்பிடித்தானே விழுந்திருப்பார்” என்றார் அம்மா. “தூக்கிவிட ஒரு ஆள் இல்லாமல்.”

நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது அப்பாதான். அந்தத் தோள், அந்தத் தயக்கம், எழும்பியதும் காற்சட்டையைத் தட்டிவிடுகிற விதம். அவர் எந்தக் காலை முன்வைக்கிறார் என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பிடிகளை என் கையால் பூட்டியிருந்தும்.

மேலேயிருந்து வேறொருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். கண்ணில் பட்டது, ஆனால் நான் கவனிக்கவில்லை. அவசரமில்லாத பெரிய வளைவு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், நின்றபடியே, முழங்கால் இலேசாக மடித்து, தண்ணீர் இறங்குவதுபோல. விழுந்து கிடந்த அந்த மனிதரை அவர் சுற்றிக்கொண்டு வந்தபோது அம்மா, “மோதப்போறான் ஒருத்தன்” என்று என் தோளைப் பிடித்தார். மோதவில்லை. நேரே கண்ணாடியை நோக்கி வந்து, பலகையைக் குறுக்காகத் திருப்பினார். பனித்தூள் கண்ணாடியில் அடித்தது. அம்மா பின்வாங்கினார்.

அந்த ஆள் கண்ணை மூடியிருந்த கண்ணாடியைக் கழற்றினார். அப்பா.

கன்னம் சிவந்திருந்தது. பல் தெரிந்தது. மூச்சு வாங்கியது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா நடுச்சரிவைப் பார்த்தார். அங்கே அந்தக் கட்டை மனிதர் இன்னும் எழும்ப முயன்றுகொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், திரும்பவும் அவரைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. என் தோளில் இருந்த கை அப்படியே இருந்தது.

அப்பா ஒரு காலைப் பிடியிலிருந்து விடுவித்து, தத்தித் தத்தி ஓரத்துக் கதவடிக்கு வந்தார். குளிர் உள்ளே அடித்தது. வழக்கப்படி என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“கொம்மாட்டைக் கேள், பிள்ளை. பயந்திட்டாவோ எண்டு.”

நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைத் தாண்டிக் கதவடிக்குப் போய்விட்டார்.

“இஞ்சாருங்கோ” என்றார் அப்பாவிடம். “இன்னொருக்கா மேலை போயிட்டு வாங்கோ. நான் வேறை ஆரையோ பாத்துக்கொண்டு நிண்டிட்டன்.”